தொட்டில் பிள்ளை

அன்னப்பிள்ளையக்காவைக் கள்ளி என்று முதலில் சொன்ன வாய் என்னுடையது. பேசாலையில் இன்றைக்கும் எனக்காகப் பரிந்து பேசுகிறவர்கள் இருக்கிறார்கள். "அது அருள்நாயகி மூட்டிவிட்டது, ரீச்சர் பாவம் என்ன செய்வா" என்பார்கள். மூட்டிவிட்டது உண்மைதான். ஆனால் அருள்நாயகி ஒரு சம்மாட்டியின் மனைவி, மூன்று வள்ளத்துக்குச் சொந்தக்காரி, வாய் சும்மா இருக்காது. நேசறி என்கிற பாலர் பள்ளியின் ரீச்சர் நான். சுவரில் இருந்த சிலுவையைக் கழற்றிக்கொண்டு வந்தது என் கை. 

அன்னப்பிள்ளையக்கா நேசறியில் கூட்டித் துடைக்கிற வேலைக்கு வந்தது அறுபத்தொன்பதில். அப்போது அவருக்கு நாற்பத்தைந்து வயதிருக்கும். கணவர் கிறகரி கொண்டச்சிக் கடற்கரையில் வாடிக் குடிசை போட்டு மீன் பிடிக்கப் போன இடத்தில் காய்ச்சல் கண்டு, திரும்பி வரவேயில்லை. ஒரே மகளை அடம்பனில் கட்டிக் கொடுத்துவிட்டு, கருவாட்டு வாடியில் மீன் பிளந்து உப்புப் போட்டுக் காலம் தள்ளினார். உப்பு அவருடைய கைகளைத் தின்றிருந்தது. விரல் இடுக்குகள் எப்போதும் வெடித்துத்தான் இருக்கும். அந்தக் கைகளால்தான் நாற்பது பிள்ளைகளுக்கும் குண்டி கழுவி, மூக்குத் துடைத்து, தலை வாரி இழுத்துவிடுவார்.

புனிதவதி என்று நினைத்துவிடாதீர்கள். வாய் நிறைய வெற்றிலை, வாய் திறந்தால் பேச்சு. பிள்ளைகளை "கழுதையள்" என்றுதான் கூப்பிடுவார். எங்கள் தீவில் தெருவெல்லாம் கழுதை திரிவதால் அதுகளும் அதைத் திட்டாக எடுப்பதில்லை. "அன்னப்பிள்ளையம்மா, நான் எந்தக் கழுதை?" என்று கேட்டுக்கொண்டு சீலையைப் பிடித்துத் தொங்குங்கள். எனக்கு எரிச்சலாக இருக்கும். நான் எழுத்தும் பாட்டும் சொல்லிக் கொடுக்கிற ரீச்சர், என் சீலையை ஒரு பிள்ளையும் பிடிக்காது.

அந்த எரிச்சலுக்கு வேறு காரணமும் இருந்தது. தபால் கந்தோரில் வேலை செய்கிற லோறன்சைக் கட்டி ஏழு வருசம். இரண்டு தரம் வயிற்றில் தங்கி, இரண்டு தரமும் ஐந்தாம் மாசத்துக்குள் போய்விட்டது. ஊர் முழுக்க என் முதுகுக்குப் பின்னால் "ச்சு" கொட்டியது. அந்தச் சத்தம் கேட்டுக் கேட்டு என் நாக்கு கூராகிவிட்டது. இரண்டாம் தரம் எனக்கு நேசறியிலேயே நடந்தது. அன்னப்பிள்ளையக்காதான் தன் சீலையைக் கழற்றி என்னைச் சுற்றி, பாவாடையோடு தெருவுக்கு ஓடி ஒரு காரை மறித்து, மன்னார் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். அதற்குப் பிறகு அதைப்பற்றி ஒரு சொல் பேசியதில்லை. ஊரிலேயே அதைப் பேசாத ஒரே ஆள் அவர்தான்.

எழுபத்து நாலாம் ஆண்டு மாசி மாசம் கன்னியர் மடத்துக்கு வெளிநாட்டு மிஷனிலிருந்து ஒரு பெட்டி வந்தது. கடைகளில் பிளாஸ்ரிக் சீப்புக்கூடக் கிடைக்காத காலம் அது. வெளிச்சாமான் எல்லாம் அரசாங்கம் நிறுத்திவிட்டது. நேசறியை நடத்துகிற மடத்து மதர் பெட்டியை நேசறி மேசையில் வைத்துத் திறந்தபோது யன்னலெல்லாம் தாய்மாரின் முகம்.

உள்ளே ஒரு வீடு. சிவப்புக் கூரையைத் தூக்கி எடுக்கலாம். வீட்டுக்குக் கீழே ஒரு தட்டு, தட்டு முழுக்கப் பள்ளம் பள்ளமாக, ஒவ்வொரு பள்ளத்திலும் ஒவ்வொரு உருவம் படுத்திருந்தது. தொப்பி போட்ட அப்பா, அம்மா, ஒரு பெடியன், ஒரு பெட்டை, மாடு, ஆடு, குதிரை, ஒரு சின்ன வள்ளம். கடைசிப் பள்ளத்தில் ஒரு தொட்டில், தொட்டிலுக்குள் என் பெருவிரல் அளவில் ஒரு கைக்குழந்தை. கண், மூக்கு, மூடிய சின்னக் கை எல்லாம் இருந்தது. நான் வாயைப் பிளந்துகொண்டு நின்றேன். யன்னலில் நின்ற ஒரு தாய் நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டார். நான் அதைக் கண்டேன். கண்டும் எனக்கு ஒன்றும் விளங்கவில்லை.

"இது சின்னப்பிள்ளையள் விளையாட அனுப்பினது" என்றார் மதர்.

"விளையாடவோ?" என்று யன்னலுக்கு வெளியே யாரோ நம்பாமல் கேட்டார்கள்.

பிள்ளைகளுக்கு விளையாட ஒருவரும் சொல்லிக் கொடுக்கத் தேவைப்படவில்லை. குதிரை அன்றைக்கே கழுதையானது. அப்பாவை வள்ளத்தில் ஏற்றிச் சீமெந்துத் தரையில் தொழிலுக்கு அனுப்பினார்கள். அம்மா கூரையைக் கழற்றி அதன்மேல் கருவாடு காயப்போட்டாள். பள்ளி விடுகிற நேரம் ஒவ்வொரு உருவத்தையும் அதனதன் பள்ளத்தில் படுக்க வைத்து, "நித்திரை கொள்ளுங்கோ" என்று சொல்லிவிட்டுத்தான் போவார்கள். அன்னப்பிள்ளையக்கா அலுமாரியில் வைத்துப் பூட்டுவார். திறப்பு அவருடைய சீலைத் தலைப்பில் முடிந்திருக்கும்.

முதலில் மாடு காணாமல் போனது. ஏதோ ஒரு கழுதைக்குட்டி சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு போயிருக்கும், நாளைக்கு வரும் என்றிருந்தேன். வரவில்லை. அடுத்த கிழமை வள்ளம். பிறகு அப்பா. பிறகு வீட்டின் கூரை. கூரையையா களவெடுப்பார்கள்! எனக்கு நம்பவே முடியவில்லை. விளையாட்டு நேரம் அலுமாரியிலிருந்து எடுத்துப் பார்த்தால் தட்டில் இன்னொரு பள்ளம் வெறுமையாக இருக்கும். பிள்ளைகளின் பையைக் கொட்டிப் பார்த்தேன். முற்றத்து மணலை அரித்துப் பார்த்தேன். கிணற்றுக்குள் எட்டிப் பார்த்தேன்.

அருள்நாயகியின் நாலு வயது மகள் என் பக்கத்தில் வந்து நின்று, "ரீச்சர், வள்ளம் அந்தோனியாரிட்டப் போயிட்டுது" என்றாள்.

"பொய் சொன்னால் நாக்கு அழுகும்" என்று அவளுடைய கையில் ஒரு அடி வைத்தேன். அந்த அடிக்கும் நான் கணக்குச் சொல்ல வேண்டியிருக்கும், எனக்குத் தெரியும்.

வைகாசி நடுப்பகுதியில் ஒரு காலை தட்டைத் திறந்தேன். தொட்டில் இருந்தது. பிள்ளை இல்லை.  வெறும் பிளாஸ்ரிக். ஆனாலும் அந்த வெறுந்தொட்டிலைப் பார்த்துக்கொண்டு நிற்க என்னால் முடியவில்லை, பெட்டியை அடித்து மூடினேன்.

அந்த நாட்களில் பிள்ளைகளுக்குக் கொடுக்கிற திரிபோஷா சத்துமாவைத் தாய்மார் முறை வைத்து வந்து உருண்டை பிடிப்பார்கள். ஒரு நாளைக்கு இரண்டு பேர் குசினியில் இருப்பார்கள். வெள்ளிக்கிழமை அருள்நாயகியின் முறை. நான் புலம்பிக்கொண்டிருந்ததைக் கேட்டுவிட்டு, மாவுக் கையைத் துடைத்தபடி கேட்டார்:

"அலுமாரித் திறப்பு ஆரிட்ட ரீச்சர் இருக்கு?"

அவ்வளவுதான் கேட்டார். மற்றதை என் தலை தானாகச் செய்துகொண்டது. திறப்பு யாரிடம்? கடைசியாகப் போகிறவர் யார்? அடம்பனில் பேரப்பிள்ளைகள் வைத்திருப்பவர் யார்? எனக்கு அந்த நிமிடம் எல்லாம் வெட்டவெளிச்சமாகத் தெரிந்தது. இத்தனைக்கும் பகல் முழுக்க அலுமாரி திறந்துதான் கிடக்கும், குசினிக்குப் போகிற வழியே அதற்கு முன்னால்தான். அது எனக்குத் தோன்றவேயில்லை.

பள்ளி விடுகிற நேரம். பிள்ளைகளைக் கூட்டிப்போகத் தாய்மார் வந்து நிற்கிறார்கள். நான் சுவரில் இருந்த சிலுவையைக் கழற்றி மேசையில் வைத்தேன்.

"இதில கை வைச்சுச் சொல்லுங்கோ. இந்தப் பெட்டியில இருந்து ஒண்டும் எடுக்கேல்லை எண்டு சத்தியம் பண்ணுங்கோ."

அன்னப்பிள்ளையக்கா விளக்குமாற்றைச் சுவரில் சாத்தினார். கையைச் சீலையில் துடைத்தார். சிலுவையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். கை சிலுவைக்கு மேலே வந்து நின்றது. பிறகு பின்னுக்குப் போனது.

"என்னால ஏலாது ரீச்சர்."

தாய்மார் பக்கமிருந்து ஒரு மூச்சுச் சத்தம் வந்தது. எனக்கு முகத்தில் யாரோ அறைந்த மாதிரி இருந்தது. உண்மையைச் சொன்னால், அவர் சத்தியம் பண்ணிவிடுவார், நான் "சரி" என்று விட்டுவிடலாம் என்று எனக்குள்ளே எங்கேயோ நம்பியிருந்தேன்.

"அப்ப நீதான் எடுத்தனி" என்றேன். ஐந்து வருசம் அக்கா, நீங்கள் என்று சொன்ன வாய்.

"எல்லாத்தையும் நான் எடுக்கேல்லை."

"எல்லாத்தையும் இல்லையெண்டால் எதை எடுத்தனி? எங்க கொண்டுபோய் வைச்சிருக்கிறாய்?"

 அவர் வாயில் இருந்த வெற்றிலையை மெல்லுவதை நிறுத்தினார்.

"கள்ளி" என்றேன். நாற்பது பிள்ளைகளுக்கு முன்னால் சொன்னேன்.

சீலைத் தலைப்பு முடிச்சை அவிழ்த்துத் திறப்பைச் சிலுவைக்குப் பக்கத்தில் வைத்தார். முடிச்சு இறுகியிருந்ததால் அவிழ்க்க நேரம் எடுத்தது.  வாசல் படலையைத் தாண்டிப் போகும்போது பிள்ளைகள் ஒன்று தொடங்க மற்றதெல்லாம் சேர்ந்து ஊளையிட்டு அழுதுகள். அடுத்த நாள் அவர் அடம்பனுக்கு மகள் வீட்டுக்குப் போய்விட்டார் என்று கேள்விப்பட்டேன்.

அன்று பின்னேரமே கடற்கரை அந்தோனியார் சிற்றாலயத்துக்குப் போனேன். தொலைந்ததைக் கண்டுபிடித்துத் தருகிறவர் அவர்தானே. மெழுகுதிரி கொளுத்தி, அந்த மனிசி எல்லாவற்றையும் எங்கே ஒளித்து வைத்தாள் என்று காட்டித்தாரும் என்று மன்றாடினேன். நேர்த்திப் பெட்டி என் முழங்கைக்குப் பக்கத்தில் இருந்தது. அதன்மேலேதான் கையை ஊன்றிக்கொண்டு எழும்பினேன்.

நேர்த்திப் பெட்டி என்றால் காசு போடுகிற உண்டியல் அல்ல. எங்கள் பக்கத்தில் பெரிய வேண்டுதல் என்றால் வெறும் வாயால் கேட்பதில்லை, கேட்கிறதன் உருவத்தை வைத்துத்தான் கேட்பது. கண் வருத்தத்துக்கு வெள்ளித் தகட்டில் வெட்டிய கண், வள்ளத்துக்கு வள்ளம், பிள்ளைக்குப் பிள்ளை. யாருக்கான வேண்டுதல் என்று அந்தோனியாருக்குத் தெரிய வேண்டுமே, அதற்கு அந்த ஆளுடைய உடுப்பில் ஒரு கீலம் கிழித்து உருவத்தில் சுற்றிவிடுவார்கள். வைத்தவர் அதை வெளியில் சொல்லக்கூடாது. மன்னாரிலிருந்து நவரத்தினம் பத்தர் திருநாளுக்குத் திருநாள் வந்து, பள்ளம் பள்ளமாகப் பிரித்த ஒரு பலகைப் பெட்டியில் உருவங்களை அடுக்கி வைத்து விற்பார். தகடு கிடைக்காமல் இரண்டு வருசமாக அவர் வரவில்லை.

ஆனி பதின்மூன்று திருநாள். அடுத்த நாள் காலை பங்குச் சுவாமியும் கோவில் மூப்பர் பஸ்ரியனும் பெட்டியைத் திறந்தார்கள். வெள்ளி உருவங்களைத் துடைத்து அடுக்குவது வழக்கமாக என் வேலை. திருநாள் கழித்துப் பந்தல் துப்புரவாக்க வந்த பெண்கள் பத்துப் பதினைந்து பேர் சுற்றி நின்றார்கள். அருள்நாயகியும் நின்றார்.

மூப்பர் கையை விட்டு எடுத்து முதலில் வெளியே வைத்தது ஒரு மாடு.

கழுத்தில் ஒரு துண்டுக் கயிறு. பிளாஸ்ரிக் மாடு. என் மாடு!

நான் சத்தம் போட்டேனோ தெரியவில்லை. மூப்பர் அடுத்ததை எடுத்தார். வள்ளம், வலை நூல் சுற்றியிருந்தது. பிறகு தொப்பிக்கார அப்பா, நீலச் சாரத்துக் கீலத்தில். குடிகாரப் புருசன் ஒருவரின் சாரம் அது, அந்தப் பெண் முகத்தை மூடிக்கொண்டு தூணுக்குப் பின்னால் போய்விட்டாள். கடைசியில் சிவப்புக் கூரை வந்தது. கிடுகு ஓலை ஒன்றைக் கிழித்து அதைச் சுற்றிக் கட்டியிருந்தது. யாரோ கல்வீடு கேட்டிருக்கிறார்கள்.  பந்தல் காலைப் பிடித்துக்கொண்டேன்.

"இதென்ன கூத்து?" என்று சுவாமி படியில் உட்கார்ந்துவிட்டார். "பிள்ளையளின்ர விளையாட்டுச் சாமான் இஞ்ச எப்பிடி வந்தது?"

 கடைசியில் அருள்நாயகிதான் முன்னுக்கு வந்தார். வெட்கம் இல்லை, கோபம்தான் இருந்தது.

"சுவாமி, அது நேத்திச் சாமான்தானே. பள்ளத்துக்குள்ள வைச்சு அடுக்கி, மிஷனில இருந்து வந்தது. மதருக்கு இஞ்சத்தை வழக்கம் விளங்கேல்லை, தூக்கிப் பிள்ளையளிட்டக் குடுத்திட்டா. கண்ணும் மூக்கும் வைச்சு இவ்வளவு வடிவாய் ஆரும் விளையாடவோ செய்வினம்? நாங்கள் எடுத்து வைக்கவேண்டிய இடத்தில வைச்சம். கோவில் சாமான் கோவிலுக்கு வந்தது களவோ?"

"ஓம் சுவாமி" என்றது பின்னால் இரண்டு மூன்று குரல். அந்தப் பெண்களின் முகத்தில் பொய் இல்லை. அதுதான் என்னை இன்னும் அடித்துப் போட்டது. சின்னப்பிள்ளைகள் விளையாடுவதற்கென்று ஒருவர் இவ்வளவு பாடுபட்டு ஒரு சாமான் செய்வார் என்பதை அவர்களில் ஒருத்தியும் நம்பவில்லை. திரிபோஷா முறைக்கு வந்து, தங்களுக்கு வேண்டியதை எடுத்துக்கொண்டு, நேரே இங்கே வந்திருக்கிறார்கள். அந்தச் சின்னவள் உண்மையைத்தான் சொல்லியிருக்கிறாள். நான் அவளை அடித்தேன். அன்னப்பிள்ளையக்காவைத் துரத்தினேன்.

"அப்ப ஏன் நீங்கள் அண்டைக்குச் சொல்லேல்லை?" என்று அருள்நாயகியைப் பார்த்துக் கத்தினேன். "திறப்பு ஆரிட்ட எண்டு கேட்டனீங்களே!"

"வள்ளம் வைச்சது எனக்குத் தெரியும். மற்றதுகள் எங்க போனதெண்டு எனக்கு எப்பிடித் தெரியும்? ஆளாளுக்கு நேந்ததை வெளியில சொல்லுறதோ?"

அதுவும் உண்மைதான். ஒவ்வொருத்தியும் தன்னுடைய ஒன்றை மட்டும் எடுத்தாள், மிச்சத்தை அன்னப்பிள்ளையக்கா எடுத்தார் என்றே நம்பினாள்.

"இன்னும் ஒண்டு அடியில கிடக்கு" என்றார் மூப்பர்.

கையைத் தோள் வரை விட்டு எடுத்தார். தொட்டில் பிள்ளை. பச்சையில் மஞ்சள் பூப்போட்ட சீலைக் கீலம் ஒன்று அதைச் சுற்றியிருந்தது.

எழுபத்திரண்டாம் ஆண்டு கிறிஸ்து பிறப்பு நத்தார்ப் பூசைக்கு நான் அந்தச் சீலையைக் கட்டிக்கொண்டு முன்வரிசையில் இருந்தேன். ஊர் முழுக்கப் பார்த்த சீலை. எல்லாத் தலையும் என் பக்கம் திரும்பியது. அருள்நாயகியின் குரல் இறங்கிவிட்டது.

"ரீச்சரும் வைச்சவவோ?" என்றார். பிறகு யோசித்துவிட்டு, "அப்ப அந்த மனிசியை ஏன் கலைச்சனீங்கள்?" என்று கேட்டார்.

 நான் வைக்கவில்லை. அந்தச் சீலை என்னிடம் இருக்கவும் இல்லை. நத்தாருக்கு நத்தார் ஒரு பழைய சீலை அன்னப்பிள்ளையக்காவுக்குக் கொடுப்பேன். போன நத்தாருக்குக் கொடுத்தது இதுதான். சிலுவைக்கு மேலே வந்து நின்ற அந்தக் கை என் கண்ணுக்கு முன்னால் வந்தது. 'எல்லாத்தையும் நான் எடுக்கேல்லை.' ஒன்றை எடுத்திருக்கிறார். எனக்காக எடுத்திருக்கிறார்.

"பெற்றிசியா, இது நீரோ வைச்சது?" என்று சுவாமி கேட்டார்.

ஒரு வசனம் போதும். 'அது நான் அன்னப்பிள்ளையக்காவுக்குக் குடுத்த சீலை' என்று சொன்னால் நான் தப்பிவிடுவேன். அவர் மறுபடியும் கள்ளியாகிவிடுவார், இந்த முறை எல்லாருக்கும் அத்தாட்சியோடு. அந்த வசனம் என் நாக்கு நுனி வரை வந்தது, அதையும் மறைக்க மாட்டேன்.

"ஓம் சுவாமி. நான்தான்."

அந்தோனியார் சுரூபத்துக்கு முன்னால் நின்று சொன்ன பொய். என் வாழ்க்கையில் அதைப்போல நல்ல காரியம் வேறு செய்ததாக நினைவில்லை.

மதர் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் கூப்பிட்டு, "நீர் போய் அந்த மனிசியைக் கூட்டிக்கொண்டு வாரும். அவ படலைக்குள்ள வந்தால்தான் நீரும் வரலாம்" என்றார்.

மன்னாரில் பஸ் மாறி அடம்பனில் இறங்கினேன். அன்னப்பிள்ளையக்கா மகள் வீட்டு மாட்டுக்கொட்டிலில் சாணம் அள்ளிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டு திடுக்கிடவில்லை. கையைக் கழுவிவிட்டு, "இஞ்ச காத்தே இல்லை ரீச்சர். நெல்லுத் தூசி தொண்டையை அறுக்குது. இருங்கோ" என்று ஒரு கதிரையை இழுத்துப் போட்டார்.

நான் இருக்கவில்லை. பெட்டி திறந்ததை, மாடு வந்ததை, கூரை வந்ததை எல்லாம் மூச்சுவிடாமல் சொன்னேன். கேட்டுக்கொண்டே வந்தவர் இடையில் என் கையைப் பிடித்தார்.

"பிள்ளை எங்க?"

"தட்டில வைச்சாச்சு. பிள்ளையள் விளையாடுதுகள்."

அன்னப்பிள்ளையக்கா தலையில் அடித்துக்கொண்டார். அவர் முகம் அப்படி வெளிறியதை நான் அதற்கு முன் கண்டதில்லை. கள்ளி என்றபோதுகூட அப்படி வெளிறவில்லை.

"நேந்து வைச்சதை வெளியில எடுத்துப் போட்டியளோ? உங்கட பிள்ளையை எடுத்துத் தரையில விட்டிட்டோ என்னை வேலைக்குக் கூப்பிட வந்தனீங்கள்?"

"அக்கா, நீங்கள் அண்டைக்கு ஏன் ஒண்டும் சொல்லேல்லை?"

"நேத்தி வைச்சவள் வாய் திறந்தால் நேத்தி போச்சு. சரி, சொல்லாமல் சத்தியம் பண்ணுவமெண்டால், எடுத்த கையை எப்பிடிச் சிலுவையில வைக்கிறது? நீங்கள் கள்ளி எண்டது பொய்யில்லையே ரீச்சர். நான் எடுத்தனான்தான்."

"நான் எடுத்தனெண்டு சுவாமியிட்டச் சொல்லிப்போட்டன்."

"ஆர், நீங்களோ? அந்தோனியாருக்கு முன்னாலயோ?" வாயில் கையை வைத்துக்கொண்டார். "ஐயோ, ரெண்டு பேரும் ஒண்டாய் நரகத்துக்குப் போகப்போறம்."

பிறகு சிரித்துவிட்டார். நான் அப்போதுதான் அழுதேன். மாட்டுக்கொட்டில் வாசலில் நின்று மூக்கு வடிய அழுதேன். நேசறிப் பிள்ளைகளுக்குத் துடைப்பதுபோல அவர் தன் சீலைத் தலைப்பால் துடைத்துவிட்டார். அந்தத் தலைப்பில் ஒரு கரை கிழிந்திருந்தது.

பிள்ளையைத் திரும்ப வைத்தால்தான் வருவேன் என்றார். சுவாமியிடம் போய்க் கெஞ்சினேன். மாடும் வள்ளமும் அப்பாவும் கூரையும் பிள்ளைகளுக்கு, தாய்மார் மெழுகுதிரி கொளுத்தி நேர்த்தியைத் தீர்த்துக்கொள்ளட்டும், தொட்டில் பிள்ளை மட்டும் அந்தோனியாருக்கு என்று சுவாமி தீர்த்துவைத்தார். என் கையாலேயே அதைப் பச்சைக் கீலத்தோடு பெட்டிக்குள் போட்டேன். அதற்குப் பிறகு பெட்டி திறக்கிற நேரம் நான் அந்தப் பக்கம் போனதில்லை. அன்னப்பிள்ளையக்கா வந்தார். அவருக்குப் பின்னால் நானும் படலைக்குள் போனேன். பிள்ளைகள் தொட்டிலுக்குள் ஒரு சோகிச் சிப்பியை வைத்து அதைத் தாலாட்டப் பழகிக்கொண்டார்கள். அருள்நாயகியின் மகளிடம் மன்னிப்புக் கேட்டேன். அவள், "எதுக்கு ரீச்சர்?" என்றாள்.

எனக்குப் பிள்ளை பிறக்கவில்லை. இப்படிக் கதையைக் கொண்டுவந்துவிட்டு அந்தோனியார் தந்தார் என்று சொன்னால் உங்களுக்கும் சந்தோசம், எனக்கும் சந்தோசம். ஆனால் பிறக்கவில்லை. முப்பத்தைந்து வந்தது, நாற்பது வந்தது. லோறன்சும் நானும் அதைப்பற்றிப் பேசுவதை விட்டுவிட்டோம். அன்னப்பிள்ளையக்கா வழக்கம்போல ஒரு சொல் பேசவில்லை.

நத்தாருக்கு நத்தார் பழைய சீலை கொடுத்துக்கொண்டுதான் இருந்தேன். எதைக் கொடுத்தாலும் ஆனி மாசம் வருவதற்குள் அதன் தலைப்பில் ஒரு கீலம் இருக்காது. எனக்கு ஆத்திரம் வரும். "நல்ல சீலையைக் குடுத்தால் இப்பிடியோ கிழிச்சுக் கட்டுறது? எலியோ வளக்கிறியள்?" என்று கேட்பேன்.

"ஆணியில கொழுவிப்போட்டுது ரீச்சர்" என்பார்.

"அந்த ஆணியைப் பிடுங்கினால் என்ன?"

"பிடுங்கவேணும்தான்."

எண்பத்தாறாம் ஆண்டு பங்குனியில், நேசறிக் கிணற்றடியில் பிள்ளைகளின் கோப்பைகளைக் கழுவிக்கொண்டிருந்தவர் அப்படியே சரிந்துவிட்டார். நான் ஓடிப்போவதற்குள் முடிந்துவிட்டது. சவப்பெட்டியில் வைத்தபோதும் நான் கொடுத்த சீலைதான் கட்டியிருந்தார். நெஞ்சில் கை கோத்து வைத்திருந்தார்கள். விரல் இடுக்கு வெடிப்புகள் தெரிந்தன.

அந்த வருசத் திருநாள் முடிந்து, அடுத்த நாள் மூப்பர் பஸ்ரியன் என் வீட்டு வாசலில் வந்து நின்றார். தோளில் போட்டிருந்த துவாய்க்குள் எதையோ பொதிந்து வைத்திருந்தார்.

"ரீச்சர், இதை என்ன செய்யிறதெண்டு தெரியேல்லை. ஒவ்வொரு வருசமும் திருநாளுக்கு முதல்நாள் அந்த மனிசி வந்து பெட்டியைத் திறக்கச் சொல்லி இதை எடுத்துச் சுத்திப்போட்டு வைக்கும். ஆரிட்டையும் சொல்லக்கூடாதெண்டு என்னட்டைச் சத்தியம் வாங்கினது. இந்த வருசம் ஆரும் வரேல்லை. இனி ஆர் சுத்திறது?"

துவாயை விரித்தார். துணிப்பந்து ஒன்று. மேலே ஊதாக் கரை, போன நத்தாருக்கு முந்தின நத்தாருக்கு நான் கொடுத்தது. அதற்குக் கீழே வெள்ளையில் கறுப்புப் புள்ளி, அம்மா செத்த வருசம் நான் கட்டியது. அதற்குக் கீழே மாம்பழ மஞ்சள். ஒவ்வொன்றாக என் சீலைகள், ஒவ்வொன்றிலும் ஒரு முழக் கீலம், பன்னிரண்டு வருசம். பெருவிரல் அளவில் இருந்த பிள்ளை உள்ளே எங்கேயோ இருந்தது. நான் நாற்பதைத் தாண்டிய பிறகும், லோறன்சே விட்டுவிட்ட பிறகும், அந்த மனிசி விடவில்லை.

ஒரு கையால் வாங்கப் பார்த்தேன். நழுவியது. மற்றக் கையையும் கொடுத்து, தலைப்பக்கம் எது என்று தெரியாமலே ஏந்தி வாங்கினேன்.

பன்னிரண்டு வருசம் நான் அந்த ஆணியை நம்பியிருந்தேன்.